ஈட்டி கையை விட்ட கணம்: எறிபொருளின் திசைவேகத்தைக் கணக்கிடுதல்

2025 ஜூலை 5ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த ஈட்டியெறிதல் போட்டியில் நீரஜ் சோப்ரா மூன்றாவது முயற்சியில் 86.18 மீட்டர் எறிந்து முதலிடம் பெற்றார். கென்யாவின் ஜூலியஸ் யெகோ 84.51 மீட்டருடன் இரண்டாவது. இலங்கையின் ருமேஷ் பதிரகே 84.34 மீட்டருடன் மூன்றாவது. இந்த எண்கள் எல்லாமே தூரங்கள். கையை விட்டபோது ஈட்டி என்ன வேகத்தில் புறப்பட்டது, எந்த வேகத்தில் புல்லில் குத்தியது என்பதைப் பரிசளிப்பு மேடையில் யாரும் அறிவிப்பதில்லை. அந்தத் தூரத்தை வைத்துக்கொண்டு ஒரு தாளில் நாமே அந்த வேகங்களைக் கண்டுபிடித்துவிட முடியும். இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது அதை நீங்கள் எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யாமல் செய்வீர்கள்.

பெங்களூரில் முதலாண்டு பி.யூ. படிப்பவருக்கும் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு படிப்பவருக்கும் இந்தப் பாடம் ஆண்டின் தொடக்கத்திலேயே, இயக்கவியலில் வந்துவிடுகிறது. வந்த வேகத்தில் நான்கு சூத்திரங்களைத் தந்துவிட்டுப் போய்விடுகிறது: பறக்கும் நேரம், பெரும உயரம், நெடுக்கம், பாதையின் சமன்பாடு. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக் கையேடுகள் இவற்றைக் கட்டம் போட்டு அச்சிடுகின்றன. எனக்கு அந்தக் கட்டங்கள் மேல் நம்பிக்கை இல்லை. அவற்றில் பறக்கும் நேரம், நெடுக்கம் ஆகிய இரண்டு சூத்திரங்கள், எறிந்த இடமும் விழுந்த இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால் மட்டுமே அப்படியே பொருந்தும். ஈட்டி தோளுக்கு மேலிருந்து கிளம்பித் தரையில் விழுகிறது. பந்து மாடியிலிருந்து தெருவில் விழுகிறது. உலகத்தில் நடக்கும் எறிதல்களில் பெரும்பாலானவை மட்டம் மாறியே முடிகின்றன.

இரண்டு கணக்கு, ஒரே கடிகாரம்

கலிலியோ 1638இல் வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் சொன்ன சேதி இதுதான்: எறிந்த பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இயக்கங்களைச் செய்கிறது. கிடைத்தளத்தில் அது சீரான வேகத்தில் போகிறது. செங்குத்தாக அது, கைவிட்ட எந்தக் கல்லையும் போல, முடுக்கத்தோடு விழுகிறது. ஒன்று மற்றொன்றைத் தொந்தரவு செய்வதில்லை. இரண்டும் சேர்ந்து பரவளையமாகக் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஆகவே தாளில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து. இடப்பக்கத்தில் எழுத வேண்டியது ஒரே வரி:

கிடைத்தளத் தூரம் = கிடைத்தளக் கூறு × நேரம்

வலப்பக்கத்தில் இரண்டு வரிகள்:

செங்குத்து இடப்பெயர்ச்சி = தொடக்கச் செங்குத்துக் கூறு × நேரம் − ½ × ஈர்ப்பு முடுக்கம் × நேரம்²

அந்தக் கணத்தின் செங்குத்துக் கூறு = தொடக்கச் செங்குத்துக் கூறு − ஈர்ப்பு முடுக்கம் × நேரம்

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது நேரம் ஒன்றுதான். ஒரு பக்கத்தில் கிடைத்த செய்தியை மறுபக்கத்துக்கு எடுத்துச் செல்ல வேறு வழி கிடையாது. கணக்கு எங்காவது சிக்கி நின்றால் உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி, “நேரத்தை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கலாம்?” என்பதே. பத்தில் ஒன்பது முறை விடை வலப்பக்கத்தில் இருக்கும். ஒரு பொருள் எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும் என்பதை அதன் செங்குத்து இயக்கமே தீர்மானிக்கிறது.

எண்களைப் போடுவதற்கு முன்பு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மேல்நோக்கிய திசை நேர்க்குறி, கீழ்நோக்கியது எதிர்க்குறி. எறிந்த புள்ளியே ஆதிப்புள்ளி. இதைத் தாளின் மூலையில் எழுதி வையுங்கள். நான் பார்த்த தவறான விடைகளில் பெரும்பகுதி இயற்பியல் தெரியாததால் வந்தவை அல்ல. ஈர்ப்பு முடுக்கத்துக்கு ஒரு வரியில் எதிர்க்குறியும் அடுத்த வரியில் நேர்க்குறியும் போட்டதால் வந்தவை.

மாடியிலிருந்து சாவி

எளிய கணக்கில் தொடங்குவோம். மேல்மாடிப் பால்கனியில் நிற்பவர் கீழே நிற்பவருக்குச் சாவிக்கொத்தைப் போடுகிறார். கை கிடைத்தளத்தில் விசிறியது. சாவி விடுபட்ட இடம் தரையிலிருந்து 4.9 மீட்டர் உயரம். சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி அது தரையைத் தொட்டது. தரையைத் தொடும் கணத்தில் அதன் திசைவேகம் என்ன?

வலப்பக்கம்: தொடக்கச் செங்குத்துக் கூறு பூச்சியம். −4.9 = 0 − 4.9 × நேரம்². நேரம் 1 வினாடி. அந்த ஒரு வினாடியில் செங்குத்துக் கூறு −9.8 மீ/வி ஆகிறது.

இடப்பக்கம்: 3 மீட்டரை 1 வினாடியில் கடந்தது. கிடைத்தளக் கூறு 3 மீ/வி. அது கடைசி வரை மாறவில்லை.

இங்கேதான் பலரும் 3-ஐயும் 9.8-ஐயும் கூட்டி 12.8 என்று எழுதுகிறார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கூறுகளை அப்படிக் கூட்ட முடியாது. பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்த வேண்டும்: √(3² + 9.8²) = √105.04 = 10.25 மீ/வி. இதோடு விடை முடியவில்லை. கேட்டது திசைவேகம். 9.8-ஐ 3-ஆல் வகுத்தால் 3.27, அது டான்ஜென்ட் மதிப்பாக உள்ள கோணம் ஏறத்தாழ 73°. எனவே விடை: கிடைத்தளத்துக்குக் கீழே 73° கோணத்தில் 10.25 மீ/வி. கோணத்தை எழுதாத விடை பாதி விடை. திருத்துபவர் மதிப்பெண் குறைத்தால் அவர் மீது குறை சொல்ல முடியாது.

கண்டீரவாவின் 86.18 மீட்டர்

இப்போது ஈட்டி. இந்தக் கணக்கில் தலைகீழாகப் போகிறோம்: விழுந்த இடம் தெரியும், புறப்பட்ட வேகம் தெரியாது.

தூரம் மட்டும் போதாது. எறிகோணமும் கைவிட்ட உயரமும் வேண்டும். முன்னணி வீரர்கள் பொதுவாக 32° முதல் 38° வரையிலான கோணத்தில் எறிகிறார்கள். நாம் 36° என்று எடுத்துக்கொள்வோம். கைவிட்ட உயரம் 1.8 மீட்டர். இந்த இரண்டும் நம் ஊகங்கள், 86.18 மட்டுமே அளந்த எண். எது அளந்தது, எது ஊகித்தது என்று கணக்கின் முதல் வரியிலேயே பிரித்து எழுதும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

36°க்குக் கோசைன் 0.809, சைன் 0.588, டான்ஜென்ட் 0.7265.

இடப்பக்கம்: வேகம் × 0.809 × நேரம் = 86.18. வேகமும் தெரியாது, நேரமும் தெரியாது. ஆனால் இரண்டின் பெருக்கல் தெரிந்துவிட்டது: வேகம் × நேரம் = 106.5. அந்தப் பெருக்கலை உடைக்காமல் அப்படியே வலப்பக்கத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வலப்பக்கம்: ஈட்டி கடைசியில் எறிந்த புள்ளிக்கு 1.8 மீட்டர் கீழே இருக்கிறது. எனவே இடப்பெயர்ச்சி −1.8.

−1.8 = (வேகம் × நேரம்) × 0.588 − 4.9 × நேரம்²

முதல் உறுப்பின் மதிப்பு, அதாவது 86.18 × 0.7265, நமக்குத் தெரியும்: 62.61. ஆக 4.9 × நேரம்² = 64.41. நேரம்² = 13.14. நேரம் 3.63 வினாடி. வேகம் = 106.5 ÷ 3.63 = 29.4 மீ/வி. 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 106 கிலோமீட்டர்.

இருபடிச் சமன்பாடே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கோணமும் தூரமும் தெரிந்து வேகம் தெரியாத எல்லாக் கணக்கிலும் இந்த வழி செல்லும். ‘வேகம் × நேரம்’ என்ற பெருக்கலை ஒரே பொருளாக நடத்தினால் போதும்.

இந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம்? உலகத் தரத்து வீரர்கள் இத்தகைய தூரத்துக்கு எறியும்போது கைவிடும் வேகம் 28 முதல் 30 மீ/வி வரை இருப்பது அளவீடுகளில் தெரிந்த செய்தி. அந்த வரம்புக்குள்தான் நாம் வந்திருக்கிறோம். ஊகங்களை மாற்றிப் பார்த்தாலும் விடை அதிகம் ஆடவில்லை. கோணம் 30° என்றால் வேகம் 30.7, 40° என்றால் 28.9, 45° என்றால் 28.8. பதினைந்து டிகிரி மாறியும் வேகம் 2 மீ/வி கூட மாறவில்லை. கைவிட்ட உயரத்தைப் புறக்கணித்துப் பூச்சியம் என்று வைத்தால் 29.8 வருகிறது, 0.4 மீ/வி பிழை. சிறிய எண்ணாகத் தோன்றும் இந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று பார்க்க இன்னொரு எறிதலை எடுங்கள். நீரஜ் 2025 மே 16 அன்று தோகாவில் 90.23 மீட்டர் எறிந்தார். அதே கோணம், அதே உயரம் என்று வைத்து மேலே சொன்ன வரிகளை மீண்டும் எழுதுங்கள். நேரம் 3.71 வினாடி, வேகம் 30.1 மீ/வி. பெங்களூருக்கும் தோகாவுக்கும் இடையில் நான்கு மீட்டர் வித்தியாசம். கைவிட்ட வேகத்தில் வித்தியாசம் 0.7 மீ/வி மட்டுமே. தூரம் ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதால், வேகத்தில் சேரும் ஒவ்வொரு நூற்றில் ஒரு பங்கும் தூரத்தில் நூற்றில் இரண்டு பங்காகத் திரும்பி வருகிறது. ஒரு வீரர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெறுவது அந்த அரை மீட்டர், முக்கால் மீட்டர் வேகத்தைத்தான்.

மாணவர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 45°யில் எறிந்தால் குறைந்த வேகமே போதும் என்று நம் கணக்கே காட்டுகிறதே, பிறகு ஏன் வீரர்கள் 36° பக்கமே நிற்கிறார்கள்? வேகமும் கோணமும் ஒன்றையொன்று பாதிக்காது என்று நம் கணக்கு எடுத்துக்கொள்கிறது. மனித உடல் அப்படி இயங்குவதில்லை. ஓடிவந்து முன்னோக்கி எறியும் உடலால், கோணம் உயர உயர அதே வேகத்தைத் தர முடியாது. ஈட்டியின் மீது காற்று தரும் தூக்கமும் தாழ்ந்த கோணத்துக்குச் சாதகமாக இருக்கிறது. கணக்கு சரி. அதற்கு நாம் கொடுத்த நிபந்தனைதான் மைதானத்தில் இல்லை.

அளவு பற்றியும் ஒரு குறிப்பு. ஈட்டியெறிதலில் தூரத்தை வீரரின் கையிலிருந்து அளப்பதில்லை. ஓடுபாதையின் முடிவில் உள்ள வளைவுக் கோட்டின் உள்விளிம்பிலிருந்து அளக்கிறார்கள். வீரர் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதால் ஓரிரு மீட்டர் பின்னாலேயே ஈட்டியை விட்டுவிடுகிறார். ஆகவே ஈட்டி உண்மையில் பறந்தது 86.18 மீட்டருக்கும் சற்று அதிகம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் இரண்டு மீட்டர் சேர்த்து மறுபடி செய்து பாருங்கள்.

வழியில் ஈட்டியின் திசைவேகம்

புறப்பட்ட வேகம் கையில் வந்ததும் பாதையின் எந்தப் புள்ளியிலும் திசைவேகத்தைச் சொல்லிவிடலாம். கிடைத்தளக் கூறு 29.38 × 0.809 = 23.8 மீ/வி. இது கடைசிவரை அப்படியே. தொடக்கச் செங்குத்துக் கூறு 29.38 × 0.588 = 17.3 மீ/வி. ஒவ்வொரு வினாடிக்கும் இதிலிருந்து 9.8 கழியும்.

ஒரு வினாடி கழித்துச் செங்குத்துக் கூறு 7.5, மொத்த வேகம் 24.9 மீ/வி. இரண்டாவது வினாடி முடிவில் செங்குத்துக் கூறு −2.3, ஈட்டி உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிட்டது, வேகம் 23.9. மூன்றாவது வினாடியில் −12.1; வேகம் 26.7. தரையைத் தொடும் 3.63ஆவது வினாடியில் −18.3, வேகம் 30.0 மீ/வி, கிடைத்தளத்துக்குக் கீழே 37.5° கோணத்தில்.

உச்சியை 1.76ஆவது வினாடியில் தொட்டது. அங்கே செங்குத்துக் கூறு மட்டுமே பூச்சியம். ஈட்டி அப்போதும் 23.8 மீ/வி வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. “பெரும உயரத்தில் திசைவேகம் பூச்சியம்” என்ற வாக்கியத்தை விடைத்தாளில் எழுதாதீர்கள். நேர் மேலே எறிந்த கல்லுக்கு அது உண்மை. சாய்த்து எறிந்த எதற்கும் உண்மையில்லை. முடுக்கமும் உச்சியில் பூச்சியமாவதில்லை. அங்கும் அது கீழ்நோக்கி 9.8 மீ/வி²தான்.

விழும் வேகம் எறிந்த வேகத்தைவிடச் சற்று அதிகமாக வந்ததையும் பாருங்கள்: 29.4இல் கிளம்பி 30.0இல் விழுந்தது. 1.8 மீட்டர் கூடுதலாக இறங்கியதன் பலன் அது. இதைச் சரிபார்க்க ஆற்றல் வழி ஒன்று இருக்கிறது:

இறுதி வேகம்² = தொடக்க வேகம்² + 2 × ஈர்ப்பு முடுக்கம் × இறங்கிய உயரம்

863 + 2 × 9.8 × 1.8 = 898; அதன் வர்க்கமூலம் 30.0. கோணத்தையே தொடாமல் ஒரே வரியில் வந்துவிட்டது. வினா வேகத்தின் எண்மதிப்பை மட்டும் கேட்டால் இந்த வழியே சிறந்தது. திசையையும் கேட்டால் கூறுகளுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆற்றலுக்குத் திசை கிடையாது.

சின்னசாமி மைதானத்தில் 108 மீட்டர்

கண்டீரவாவிலிருந்து சிறிது தூரத்தில் எம். சின்னசாமி மைதானம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 15 அன்று அங்கே ஹைதராபாத் அணி 287 ரன் குவித்தது. துரத்திய பெங்களூரு அணிக்காக தினேஷ் கார்த்திக் 35 பந்தில் 83 எடுத்தார். சேலம் மாவட்டத்து நடராஜன் வீசிய பந்தொன்றைச் சென்னைக்காரரான அவர் 108 மீட்டர் சிக்ஸராக அனுப்பினார்.

45° கோணம், புறப்பட்ட மட்டத்திலேயே விழுகிறது என்று கொண்டால் நெடுக்கச் சூத்திரத்தை இங்கே கூச்சமின்றிப் பயன்படுத்தலாம். 45°யில் வேகம்² = ஈர்ப்பு முடுக்கம் × நெடுக்கம். 9.8 × 108 = 1058; வேகம் 32.5 மீ/வி, மணிக்கு 117 கி.மீ. ஒவ்வொரு கூறும் 23.0 மீ/வி. எல்லைக்கயிறு 65 மீட்டரில் இருந்தால் பந்து அதை 65 ÷ 23.0 = 2.83 வினாடியில் கடக்கிறது. அப்போது செங்குத்துக் கூறு 23.0 − 27.7 = −4.7 மீ/வி, உயரம் ஏறத்தாழ 26 மீட்டர். எல்லையைக் கடக்கும்போது பந்து ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது. “எல்லைக்கயிற்றுக்கு மேலே பந்தின் திசைவேகம் என்ன?” என்று கேட்டால் விடை: 23.5 மீ/வி, கிடைத்தளத்துக்குக் கீழே சுமார் 12° கோணத்தில்.

ஆனால் இந்த 117 கி.மீ. உண்மையான வேகத்தைவிடக் குறைவு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் பந்தின் நிறை சுமார் 160 கிராம். 32 மீ/வி வேகத்தில் அதன் மீதான காற்றுத்தடை அதன் எடையில் பாதிக்கும் மேல் வந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய விசையைப் புறக்கணித்துவிட்டோம். தடையைத் தாண்டி 108 மீட்டர் போயிருந்தால் மட்டையை விட்ட வேகம் நாம் கண்டதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்திருக்கும். ‘காற்றுத்தடையைப் புறக்கணிக்க’ என்று வினாவில் வரும் சொற்கள் சம்பிரதாயத்துக்கு எழுதியவை அல்ல. அவை இல்லாவிட்டால் நம் சமன்பாடுகளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. கனமான குண்டெறிதல் குண்டுக்கு அவை ஏறக்குறைய அப்படியே பொருந்தும். கிரிக்கெட் பந்துக்குச் சுமாராகப் பொருந்தும். இறகுப்பந்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

பெங்களூருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரே வெப்பநிலையில் இங்குள்ள காற்று சென்னைக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. தடையும் அந்த அளவுக்குக் குறையும். அதே அடி சேப்பாக்கத்தில் விழும் இடத்தைவிடச் சின்னசாமியில் சில மீட்டர் தள்ளி விழும். ஈர்ப்பு முடுக்கமும் இங்கே 9.78 மீ/வி² பக்கம்தான். ஆனால் 9.8க்கும் 9.78க்கும் உள்ள வித்தியாசம் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே மாற்றும். சின்னசாமியில் சிக்ஸர்கள் அதிகம் என்பதற்கு ஈர்ப்பைக் காரணம் காட்டாதீர்கள். காற்றையும் நெருக்கமான எல்லைக்கோட்டையும் காட்டுங்கள்.

தேர்வறையில்

நுழைவுத் தேர்வுகளில் கால்குலேட்டர் கிடையாது. அதனால் வினா எழுதுபவர்கள் 30°, 45°, 60° ஆகியவற்றோடு 37°, 53° என்ற இணையையும் விரும்புகிறார்கள். 37°க்குச் சைன் 0.6, கோசைன் 0.8, 53°க்கு அவை இடம் மாறும். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் பாதி நேரம் மிச்சம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுக்கச் சொன்னால் 10 எடுங்கள். சொல்லாவிட்டால் விடைத் தெரிவுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஈட்டிக் கணக்கை 10 வைத்துச் செய்தால் 29.4க்குப் பதில் 29.7 வருகிறது, நூற்றில் ஒரு பங்குப் பிழை. வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் தந்திருந்தால் வேறெதையும் தொடும் முன் 3.6-ஆல் வகுத்துவிடுங்கள்.

நேரத்துக்கான இருபடிச் சமன்பாடு இரண்டு விடை தந்தால் பதற வேண்டாம். ஒன்று எதிர்க்குறி என்றால், எறிவதற்கு முன்பான நேரம்; விட்டுவிடுங்கள். இரண்டும் நேர்க்குறி என்றால், பொருள் அந்த உயரத்தை ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் தொடுகிறது. அந்த இரு கணங்களிலும் வேகம் ஒன்றே. செங்குத்துக் கூறின் குறி மட்டும் மாறும். எதைக் கேட்டார்கள் என்று வினாவை மறுபடி படியுங்கள்.

எப்போது இந்தக் கணக்கைத் தொடக் கூடாது

பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் தாராமண்டல பேட்டை என்று ஓரிடம் இருந்தது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து ராக்கெட்டுகளோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் அது. இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து, நீண்ட மூங்கிலிலோ வாளிலோ கட்டி ஏவினார்கள். 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இவற்றை எதிர்கொண்டது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு இங்கிலாந்துக்குப் போன மாதிரிகளிலிருந்தே ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் காங்கிரீவ் தம் ராக்கெட்டை வளர்த்தெடுத்தார். பெங்களூரின் விமானப் பொறியியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985இல் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். 2018இல் சிவமொக்கா மாவட்டத்தின் நகராவில் ஒரு பாழ்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் உறைகள் கிடைத்தன.

அந்த ராக்கெட் 900 மீட்டர் போனது என்று சொல்லி, 45° வைத்து, வேகம் 94 மீ/வி என்று விடை எழுதினால் அது தவறு. மருந்து எரியும் வரை ராக்கெட்டை உந்துவிசை தள்ளிக்கொண்டே இருக்கிறது. கையை விட்டபின் ஈர்ப்பைத் தவிர வேறெந்த விசையும் செயல்படாத பொருளே எறிபொருள். ராக்கெட் அந்த நிலைக்கு வருவது மருந்து தீர்ந்த கணத்தில்தான். ஆகவே ராக்கெட் கணக்கு எப்போதும் இரண்டு துண்டு. எரியும் துண்டில் முடுக்கம் வேறு. எரிந்து முடிந்த புள்ளியின் உயரத்தையும் திசைவேகத்தையும் கண்டு, அங்கிருந்து புதிதாகக் கோடு போட்டு இரண்டாம் துண்டைத் தொடங்க வேண்டும்.

ஒரு மாதிரி: மருந்து தீரும்போது ராக்கெட் தரையிலிருந்து 40 மீட்டர் உயரத்தில், கிடைத்தளத்துக்கு மேலே 30° கோணத்தில், 80 மீ/வி வேகத்தில் இருக்கிறது. காற்றுத்தடை இல்லை. தரையில் மோதும் திசைவேகம்? ஆற்றல் வழி: 6400 + 2 × 9.8 × 40 = 7184; வேகம் 84.8 மீ/வி. கிடைத்தளக் கூறு 80 × 0.866 = 69.3. செங்குத்துக் கூறின் இருமடி 7184 − 4800 = 2384; எனவே −48.8. கோணம் கீழ்நோக்கி 35°. நேரத்தைக் கண்டுபிடிக்காமலே முழு விடையும் வந்துவிட்டது.

பயிற்சி

ஒன்று. 19.6 மீட்டர் உயர மொட்டைமாடியின் விளிம்பிலிருந்து கிடைத்தளத்தில் உருண்டு விழுந்த பந்து 24 மீட்டர் தள்ளித் தரையைத் தொட்டது. பறந்த நேரம் 2 வினாடி. மாடியை விட்ட வேகம் 12 மீ/வி. தரையைத் தொட்ட திசைவேகம் 23.0 மீ/வி, கீழ்நோக்கி 58.5°. இதை விடையைப் பார்க்காமல் மறுபடி செய்யுங்கள்.

இரண்டு. கண்டீரவாவில் பதிரகே எறிந்த 84.34 மீட்டருக்கு, அதே 36°, அதே 1.8 மீட்டர் வைத்து வேகம் காண்க. 29.06 மீ/வி வர வேண்டும். தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் இடையே கைவிட்ட வேகத்தில் இருந்த இடைவெளி, நம் ஊகங்களின்படி, 0.32 மீ/வி.

மூன்று. 60° கோணத்தில் 20 மீ/வி வேகத்தில் எறிந்த கல்லின் திசைவேகம் எந்தக் கணத்தில் தொடக்கத் திசைவேகத்துக்குச் செங்குத்தாகிறது? இதற்கான சூத்திரம் எந்தக் கையேட்டிலாவது இருக்கலாம், தேட வேண்டாம். கிடைத்தளக் கூறு எப்போதும் 10. தொடக்கத் திசைக்குச் செங்குத்தான திசை கிடைத்தளத்துக்குக் கீழே 30°. எனவே செங்குத்துக் கூறு −10 × 0.577 = −5.77 ஆக வேண்டும். தொடக்கத்தில் அது 17.32. 17.32 − 9.8 × நேரம் = −5.77, நேரம் 2.36 வினாடி. அப்போது வேகம் √(100 + 33.3) = 11.5 மீ/வி. கல் சமதளத்தில் 3.53 வினாடி பறக்கும் என்பதால் இந்தக் கணம் பறக்கும் நேரத்துக்குள்ளேயே வருகிறது. எறிகோணம் 45°க்குக் குறைவாக இருந்தால் சமதளத்தில் இந்தக் கணம் வரவே வராது. ஏன் என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் எழுதிப் பாருங்கள்.